நடுத்தர ஆக்கங்களும் திறனாய்வும்: சிங்கப்பூரில் உருவான ஒரு கணினி விளையாட்டை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சிறந்த ஆக்கங்களைப் பற்றிய திறனாய்வுகள் கலை வரலாற்றில் எளிதில் இடம்பெற்றுவிடுகின்றன. மிக மோசமான ஆக்கங்களும் நகைப்புக்காகவேனும் நினைவுகூரப்படுகின்றன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நடுத்தர ஆக்கங்களே எண்ணிக்கையில் மிகுதியானவை. எனினும், அவற்றைப் பற்றிய மதிப்பீடுகள் வரலாற்றுச் சான்றுகளாகப் போதிய அளவு கருதப்படுவதில்லை. இக்குறையைக் கருத்திற்கொண்டு, கணினி விளையாட்டு என்னும் ஒரு துறையை எடுத்துக்கொண்டு, நடுத்தர ஆக்கத்தின் திறனாய்வு எவ்வாறு வளர்ந்தது, அது எதனைக் கண்டது, எதனைக் காணத் தவறியது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் சிங்கப்பூர்க் கிளை உருவாக்கி, 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் வெளிவந்த 'ஸ்கல் அண்ட் போன்ஸ்' என்னும் கடற்கொள்ளையர் விளையாட்டு இதற்குரிய முதன்மைச் சான்றாக அமைகிறது.

விளையாட்டுத் திறனாய்வின் தோற்றம்

கணினி, நிகழ்பட விளையாட்டுகளைப் பற்றிய முறையான மதிப்புரைகள் அமெரிக்காவில் 1970களின் இறுதியில் தோன்றின. பில் கங்கல், ஆர்னி கட்ஸ் ஆகியோர் 1979இல் 'வீடியோ' இதழில் தொடங்கிய பத்தி இத்துறையின் முன்னோடி எனலாம். 1981இல் 'எலெக்ட்ரானிக் கேம்ஸ்', 'கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்ட்' ஆகிய இதழ்கள் வெளிவந்தன. ஜப்பானில் 1986இல் தொடங்கப்பெற்ற 'ஃபமிட்சு' இதழ், நால்வர் தனித்தனியே பத்துக்கு மதிப்பெண் வழங்கி, நாற்பதுக்குக் கூட்டும் முறையைப் பரவலாக்கியது. 2001இல் தொடங்கப்பெற்ற 'மெட்டாகிரிட்டிக்' பல மதிப்புரைகளின் மதிப்பெண்களைத் தொகுத்து ஒரே எண்ணாகத் தரலாயிற்று. அதே ஆண்டில் எஸ்பென் ஆர்செத்தை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 'கேம் ஸ்டடீஸ்' ஆய்விதழும் தொடங்கியது.

சிங்கப்பூரில் இவ்விளையாட்டுகள் பரவிய இடங்களுள் லிட்டில் இந்தியாவின் எல்லையில், பென்கூலன் சாலையும் ரோச்சோர் கால்வாய்ச் சாலையும் சந்திக்குமிடத்தில் 1987இல் திறக்கப்பெற்ற சிம் லிம் சதுக்கம் குறிப்பிடத்தக்கது. 1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனம் வெளியிட்ட 'சவுண்ட் பிளாஸ்டர்' ஒலி அட்டை, உலகெங்கும் கணினி விளையாட்டுகளின் ஓசைத் தரத்தை மாற்றியது. ஆகவே, இத்துறையில் சிங்கப்பூர் நுகர்வோர் நாடாக மட்டும் இருந்ததில்லை.

மதிப்பெண்ணும் அதன் மீதான அழுத்தமும்

மதிப்புரைக்கு வணிக ஆற்றல் உண்டு என்பது உணரப்பட்டபோது, அதன் மீது அழுத்தமும் தோன்றியது. 2007ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இவ்வகையில் கருதத்தக்கது. அம்மாதத்தில் 'கேம்ஸ்பாட்' நிறுவனத்தின் திறனாய்வாளர் ஜெஃப் கெர்ஸ்ட்மன் பணிநீக்கம் செய்யப்பட்டார். அவர் 'கேன் அண்ட் லிஞ்ச்' என்னும் விளையாட்டுக்குப் பத்துக்கு ஆறு வழங்கியிருந்தார். அவ்விளையாட்டின் விளம்பரங்கள் அப்போது அதே நிறுவனத்தின் பக்கங்களில் இடம்பெற்றிருந்தன. விளம்பரதாரரின் அழுத்தம் பணிநீக்கத்திற்குக் காரணமாயிற்று என்பதை 2012இல் கெர்ஸ்ட்மன் வெளிப்படையாகக் கூறினார். அதே நவம்பரில் சிங்கப்பூரின் தணிக்கை வாரியம் 'மாஸ் எஃபெக்ட்' விளையாட்டுக்கு முதலில் தடை விதித்து, பின்னர் 18 வயதுக்கு மேற்பட்டோர்க்குரியது என்னும் தரக்குறியீட்டுடன் அனுமதித்தது. 2008 ஏப்ரலில் விளையாட்டுகளுக்கான தரப்பாகுபாட்டு முறை நடைமுறைக்கு வந்தது.

இவ்விரு நிகழ்வுகளையும் ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை புலப்படுகிறது. ஓர் ஆக்கம் யாருக்கு உகந்தது என்பதை அரசு கூறலாம். எவ்வளவு விற்றது என்பதை வணிகர் கூறலாம். அது நன்றாக அமைந்துள்ளதா என்னும் வினாவுக்கு விடை கூறத் திறனாய்வாளர் ஒருவர் வேண்டும். அவருக்கு இடையூறு நேர்ந்தது மிகக் கீழான ஆக்கத்திற்காகவன்று. பத்துக்கு ஆறு பெற்ற நடுத்தர ஆக்கத்திற்காகவே என்பது சிந்திக்கத்தக்கது. 2003இல் வெளிவந்த 'பிக் ரிக்ஸ்' என்னும் சரக்குந்துப் பந்தய விளையாட்டில் வண்டி கட்டடங்களை ஊடுருவிச் செல்லும். பாலங்களின் மீது நில்லாது. 'கேம்ஸ்பாட்' அதற்குப் பத்துக்கு ஒன்று வழங்கியதை எவரும் மறுக்கவில்லை. நடுத்தர ஆக்கத்தின் குறையைச் சுட்டும்போதுதான் காரணம் காட்டவேண்டிய கடப்பாடு எழுகிறது.

'ஸ்கல் அண்ட் போன்ஸ்': ஆக்கமும் மதிப்பீடும்

யூபிசாஃப்ட் சிங்கப்பூர் 2008இல் தொடங்கப்பெற்றது. 'அசாசின்ஸ் கிரீட்' வரிசையின் 2012, 2013ஆம் ஆண்டு விளையாட்டுகளில் இடம்பெற்ற கடற்போர்ப் பகுதிகளில் இக்கிளையின் பங்களிப்புச் சிறப்பிடம் பெற்றது. அந்த அனுபவத்தின் அடிப்படையில் உருவான 'ஸ்கல் அண்ட் போன்ஸ்' 2017 ஜூனில் அறிவிக்கப்பெற்று, பலமுறை தள்ளிவைக்கப்பெற்று, ஏறத்தாழ ஏழாண்டுகளுக்குப் பின்னர் வெளிவந்தது. இதன் ஆக்கச் செலவு 12 கோடி அமெரிக்க டாலரைக் கடந்துவிட்டதாகவும், சிங்கப்பூர் அரசின் மானியத்தோடு இது தொடர்புடையதாகவும் 2021இல் 'கொட்டாக்கு' செய்தி வெளியிட்டது. வெளியீட்டுக்குச் சற்று முன்னர் யூபிசாஃப்டின் தலைவர் ஈவ் கில்மோ, உயர்தர ஆக்கங்களைக் குறிக்கும் மூன்று 'ஏ' என்னும் வழக்குக்கும் மேலாக, இதனை நான்கு 'ஏ' தரத்தது என்றார்.

திறனாய்வாளர் கருத்து வேறாக இருந்தது. மெட்டாகிரிட்டிக்கின் தொகுப்பு மதிப்பெண் நூற்றுக்கு அறுபதையொட்டி அமைந்தது. கப்பல் செலுத்துதலும் பீரங்கிப் போரும் நன்கமைந்துள்ளன எனப் பலர் பாராட்டினர். ஆயினும், எதிரியின் கப்பலில் ஏறிப் போரிடும் வாய்ப்பு ஆட்டக்காரருக்கு இல்லை. அது சிறு காட்சியாகக் காட்டப்பட்டு முடிந்துவிடுகிறது. வெளியீட்டின்போது நிலத்தில் வாட்போர் இடம்பெறவில்லை. பொருள் திரட்டிக் கொண்டுசேர்க்கும் ஒரே வகைப் பணி திரும்பத் திரும்ப வருகிறது. முழுவிலை கொடுத்து வாங்கிய பின்னரும் உள்ளே மேலும் பொருள் வாங்கத் தூண்டப்படுகிறது. 2013இல் வெளிவந்த 'பிளாக் ஃபிளாக்' இவற்றுள் பலவற்றைச் சிறப்பாகவே செய்திருந்தது என்னும் ஒப்பீடும் இடம்பெற்றது.

பவணந்தியாரின் நன்னூல் கூறும் நூற்குற்றங்களை அறிந்தோர்க்கு இக்குறைகள் புதியன அல்ல. ஒரே பணி மீண்டும் மீண்டும் வருதல் 'கூறியது கூறல்'. கடற்கொள்ளையர் கதையை விட்டு வணிகக் கணக்கில் நெடுநேரம் திளைத்தல் 'மற்றொன்று விரித்தல்'. தொடக்கத்தின் விறுவிறுப்புப் போகப்போகக் குன்றுதல் 'சென்று தேய்ந்து இறுதல்'. நூலுக்கென வகுக்கப்பெற்ற இக்கலைச்சொற்கள் இன்றைய ஊடகத்திற்கும் பொருந்துகின்றன. ஐந்து விண்மீனுக்கு மூன்று எனக் கூறுவதைக் காட்டிலும், குற்றத்தின் பெயரைச் சுட்டுவது ஆக்கியோனுக்கும் பயில்வோனுக்கும் பயன் தருவது என்பது எமது துணிபு.

திறனாய்வு காணத் தவறியது

இவ்விளையாட்டின் களம் 17ஆம் நூற்றாண்டின் இறுதிக்கால இந்தியப் பெருங்கடல் ஆகும். ஆப்பிரிக்கக் கரை, மடகாஸ்கரை நினைவூட்டும் தீவு, கிழக்கிந்தியத் தீவுகள் ஆகியவை இதில் உள்ளன. வெளியீட்டின்போது இருந்த வரைபடத்தில் சோழமண்டலக் கரைக்குத் தனிப்பகுதி இல்லை. நாம் படித்த மதிப்புரைகள் பெரிதும் ஆட்ட நுட்பத்தையும் விலையையும் பற்றியே பேசின, இவ்வின்மையைப் பொருட்படுத்தவில்லை.

வரலாற்றில் இக்கரைக்கு நடுநாயகமான இடம் இருந்தது. தென்கிழக்காசியாவின் நறுமணப் பொருள்களைப் பெறுவதற்கு ஐரோப்பியர் கொடுத்த முக்கியப் பண்டம் சோழமண்டலத் துணியே. டச்சுக்காரர் 1690இல் தம் சோழமண்டலத் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்திற்கு மாற்றினர். சூலியா என அழைக்கப்பெற்ற தமிழ் முஸ்லிம் வணிகர் அக்காலத்தில் அச்சேயிலும் கெடாவிலும் செல்வாக்குடன் விளங்கினர். 1695இல் ஹென்றி எவரி முகலாயப் பேரரசின் 'கஞ்ச்-இ-சவாய்' கப்பலைக் கொள்ளையிட்டதன் விளைவாகச் சூரத்திலிருந்த ஆங்கிலேயர் சிறைவைக்கப்பட்டனர். கொள்ளையின் விலையை யார் கொடுத்தனர் என்னும் வினாவுக்கு இந்நிகழ்ச்சி ஒன்றே சான்றாகும்.

இவ்வணிக மரபின் தடம் சிங்கப்பூரிலும் உண்டு. சவுத் பிரிட்ஜ் சாலையின் சூலியா பள்ளிவாசல் 1826இல் தோற்றம்பெற்றது. தெலுக் ஆயர் தெருவின் நாகூர் தர்கா 1828 முதல் 1830 வரை கட்டப்பெற்றது. இந்நகரில் உருவான ஒரு விளையாட்டில் இத்தொடர்பு இடம்பெறாமை ஆக்கியோரின் குறை எனின், அதனைச் சுட்டாமை இத்துறை அறிஞர்களாகிய நம்முடைய குறையும் ஆகும்.

முடிவுரை

தமிழ்ச் சூழலுக்கு இவ்வகைத் திறனாய்வு அயலானதன்று. 1950களின் தொடக்கத்தில் 'தமிழ் நேசன்' இதழில் சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் ஆகியோர் நடத்திய கதை வகுப்பும், அதனையடுத்துச் சிங்கப்பூர் 'தமிழ் முரசு' இதழில் நடைபெற்ற இரசனை வகுப்பும் மலேசிய, சிங்கப்பூர் எழுத்துக்கு அடித்தளமிட்டன. கதையெழுதப் பயில்வோரின் ஆக்கங்களைப் பொருட்படுத்தி, நிறைகுறைகளை எடுத்துரைப்பதே அம்மரபின் நெறி. பிற்காலத்தில் நம் நூல் வெளியீட்டு மேடைகளில் பாராட்டுரை ஓங்க, அந்நெறி மெலிந்தது. எல்லா நூலும் சிறந்தவை எனக் கூறப்படும் இடத்தில், உண்மையிலேயே சிறந்த நூலை எழுதியவர் எவ்வாறு தனித்து அறியப்படுவார்?

2023இல் டொரொண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட 'வெண்பா', கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய சிறு விளையாட்டு. தாயின் சிதைந்த சமையற் குறிப்பேட்டை மீட்டு இட்லியும் புட்டும் சமைப்பது அதன் ஆட்டமுறை. அதனைப் பாராட்டிய திறனாய்வாளர்களுள் சிலர், அது விரைவில் முடிந்துவிடுவதையும் தயங்காமல் சுட்டினர். நம் மாணவர்கள் இத்தகைய ஆக்கங்களோடு பழகி வருகின்றனர். வகுப்பறையில் ஒரு விளையாட்டையேனும் ஒரு சிறுகதையையேனும் கொடுத்து, அதன் குறையைப் பெயரிட்டுக் காரணத்துடன் ஒரு பக்கம் எழுதச் செய்தல் வேண்டும். அதன் வரலாற்றுக் களத்தில் விடுபட்டது யாது என்னும் வினாவையும் உடன் சேர்த்தல் வேண்டும். இவ்விரண்டும் தமிழாசிரியரின் பயிற்சிக்கும் பாடத்திட்டத்திற்கும் உட்பட்டவையே.