ராத்திரி முழுக்க வெந்த பானை

போன ஞாயித்துக்கிழமை சென்னையில இருக்குற என் மக ஒரு போட்டோ அனுப்பினா. கரண்டுப் பானையில கோழியை அஞ்சு மணி நேரம் வேகவச்சு, நார் நாராப் பிச்சு, பார்பிக்யூ சாஸ் ஊத்திப் பிரட்டினதாம். "இந்தப் பானை யாரு கண்டுபிடிச்சதுப்பா?"ன்னு கேட்டா. தேடிப் படிச்சேன்.

சிகாகோவுல இர்விங் நாக்சன்னு ஒரு யூதர். அவரோட பாட்டி ஊரு லிதுவேனியா. யூதர்கள் வெள்ளி சாயங்காலத்துல இருந்து சனி பொழுது சாயுறவரை அடுப்பு மூட்டக் கூடாது. அதனால வெள்ளியே கறியும் பயறும் போட்ட பானையை ரொட்டிக் கடை அடுப்புல கொண்டுபோய் வச்சிடுவாங்க. அடங்குற சூட்டுல ராத்திரி முழுக்க வேகும். அதுக்கு சோலண்ட்னு பேரு. அம்மா சொன்ன இந்தக் கதைதான் நாக்சனுக்கு யோசனை கொடுத்தது. 1940ல காப்புரிமை கிடைச்சது. 1970ல ரைவல் கம்பெனி அவர் கம்பெனியை வாங்கி, மறு வருசம் 'கிராக்பாட்'னு பேர் வச்சு வித்தது. வேலைக்குப் போற பொம்பளைங்க காலையில போட்டுட்டுப் போனா, வீடு திரும்பும்போது சாப்பாடு தயார்.

எங்கம்மாவும் முட்டை ஓய்ஞ்ச கோழியை மண்சட்டியில தணல் மேல வச்சுட்டுத்தான் களையெடுக்கப் போவாங்க. கிழட்டுக் கறியும் பஞ்சாயிடும். ஆனா அடுப்புல இருந்து வாரத்துல ஒரு நாள் லீவுங்கிறது அவங்களுக்குக் கடைசிவரைக்கும் கிடைக்கல.

மகளுக்குப் போன் போட்டு இதெல்லாம் சொன்னேன். "அந்த அஞ்சு மணி நேரம் நீ என்னம்மா பண்ணுன?"ன்னு கேட்டேன்.

"தூங்கினேன்பா."

ரொம்ப நல்லதுன்னு சொன்னேன்.