பல்லி, தும்பி, மடையான்... போட்டோ எடுத்தால் போதும்! ஊருக்கு ஊர் நடக்கும் 'சிட்டி நேச்சர் சேலஞ்ச்' போட்டி என்றால் என்ன?

மொட்டை மாடிக் கொடியில் வந்து உட்காரும் தும்பி, டியூப்லைட் பக்கத்தில் பூச்சிக்காகக் காத்திருக்கும் பல்லி, கால்வாய் ஓரத்தில் அசையாமல் நிற்கும் மடையான். தினமும் பார்க்கிறோம், கடந்து போகிறோம். ஆனால், இந்த உயிரினம் இந்தத் தெருவில் இந்தத் தேதியில் இருந்தது என்று யாராவது எழுதி வைக்கிறார்களா?

அதை எழுதி வைக்கத்தான் ஒரு போட்டி இருக்கிறது. பெயர் 'சிட்டி நேச்சர் சேலஞ்ச்'. விஞ்ஞானியாக இருக்க வேண்டாம், காட்டுக்குப் போக வேண்டாம். கையில் ஒரு மொபைல் இருந்தால் போதும்.

எப்படி ஆரம்பித்தது?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் லாஸ் ஏஞ்சல்ஸும் சான் பிரான்சிஸ்கோவும் எதிலும் போட்டி போடும் ஊர்கள். 2016-ல் இந்த இரண்டு ஊர்களின் அருங்காட்சியகங்களும் ஒரு நட்புப் பந்தயம் வைத்தன. எட்டு நாட்களில் எந்த ஊர்க்காரர்கள் அதிக உயிரினங்களைப் பதிவு செய்கிறார்கள் என்பதுதான் பந்தயம். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறங்கி, 20,000-க்கும் அதிகமான பதிவுகளைக் குவித்தார்கள். முதல் வெற்றி லாஸ் ஏஞ்சல்ஸுக்கு.

அடுத்த ஆண்டே 16 அமெரிக்க நகரங்கள் சேர்ந்தன. 2018-ல் மற்ற நாடுகளும் வந்தன. இப்போது நூற்றுக்கணக்கான நகரங்கள் பங்கேற்கின்றன, அவற்றில் இந்திய நகரங்களும் உண்டு. பொலிவியாவின் லா பாஸ் நகரம், பெரிய பணக்கார நகரங்களைத் தாண்டி, பதிவு எண்ணிக்கையில் தொடர்ந்து முதலிடம் பிடித்திருக்கிறது.

2020-ல் கொரோனா வந்தபோது அமைப்பாளர்கள் 'யார் ஜெயித்தது' என்பதையே எடுத்துவிட்டார்கள். வீட்டுக்குள், பால்கனியில், ஜன்னலில் தெரிவதைப் பதிவு செய்தால் போதும் என்றார்கள்.

எப்படிக் கலந்துகொள்வது?

பொதுவாக ஏப்ரல் கடைசியில் நான்கு நாட்கள் இது நடக்கும். 'ஐநேச்சுரலிஸ்ட்' என்ற இலவச செயலியை இறக்கிக்கொள்ள வேண்டும். 2008-ல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் சிலரின் படிப்புத் திட்டமாகத் தொடங்கிய செயலி இது.

* செடி, பூச்சி, பறவை, காளான் என எந்தக் காட்டு உயிராக இருந்தாலும் படம் எடுங்கள். குரலைப் பதிவு செய்தாலும் ஏற்கப்படும்.
* தேதியும் இடமும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.
* பெயர் தெரியாவிட்டால் 'பூச்சி', 'செடி' என்று மட்டும் போட்டு ஏற்றலாம்.

நான்கு நாட்கள் முடிந்ததும் பெயர் கண்டுபிடிக்கும் வேலைக்குத் தனியாகச் சில நாட்கள் ஒதுக்கப்படும். அதன் பிறகே முடிவு வெளியாகும்.

ஒரு மொபைல் படம் எப்படி ஆதாரமாகிறது?

படத்தைப் பார்த்ததும் செயலியே ஒரு பெயரைப் பரிந்துரைக்கும். அது தவறாகவும் இருக்கலாம். அதனால் உலகம் முழுக்க உள்ள ஆர்வலர்களும் நிபுணர்களும் அதைப் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். குறைந்தது இரண்டு பேர் பார்த்து, கருத்துச் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே இனம் என்று ஒப்புக்கொண்டால், அது 'ஆராய்ச்சித் தரம்' பெறும். அப்படித் தேறியவற்றில் உரிமம் அனுமதிப்பவை கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்ட உலகப் பல்லுயிர்த் தகவல் களஞ்சியத்துக்குப் போகும். அங்கிருந்து எந்த நாட்டு ஆய்வாளரும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

ஊருக்குள் அப்படி என்ன கிடைத்துவிடும்?

கிடைக்கும். லாஸ் ஏஞ்சல்ஸில் வீட்டுக்காரர்கள் தங்கள் கொல்லைப்புறத்தில் பூச்சிப் பொறி வைக்க இடம் கொடுத்தார்கள். அதில் சிக்கியவற்றிலிருந்து, உலகுக்கே புதிதான 30 ஈ இனங்களை அருங்காட்சியக ஆய்வாளர்கள் 2015-ல் அறிவித்தார்கள். அதே ஊரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு குடும்பம் அனுப்பிய சாதாரணப் பல்லிப் படம், வெளியிலிருந்து வந்து குடியேறிய மத்தியதரைக்கடல் பல்லியைக் காட்டிக்கொடுத்தது.

சிட்டுக்குருவி சொல்லும் பாடம்

நமக்குத் தெரிந்த உதாரணத்துக்கு வருவோம். 'செல்போன் டவர் வந்தது, சிட்டுக்குருவி போச்சு' என்று வாட்ஸ்அப்பில் எத்தனை முறை படித்திருப்போம்? 2020-ல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, பறவை ஆர்வலர்கள் பதிவு செய்த சுமார் ஒரு கோடி தரவுகளை அலசியது. நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவி எண்ணிக்கை ஓரளவு நிலையாகவே இருக்கிறது என்றது. அதேநேரம் சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் குறைந்து வருவதையும் காட்டியது. டவர்தான் காரணம் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றும் சொன்னது.

அதாவது, 'எங்க தெருவுல காணோம்' என்ற நம் அனுபவமும் பொய்யில்லை, 'நாடு முழுக்க அழிஞ்சிடுச்சு' என்ற முடிவும் சரியில்லை. பல ஆண்டுப் பதிவுகள் இருந்ததால்தான் இந்த வித்தியாசம் தெரிந்தது. இன்றைக்குப் பதிவு செய்யாத உயிர் நாளைக்குக் காணாமல் போனால், அது இங்கே இருந்தது என்று நிரூபிக்கவே வழியிருக்காது.

போட்டியால் சிக்கல் வருமா?

வரலாம். எண்ணிக்கைதான் முக்கியம் என்று அவசரப்பட்டால் மங்கலான படங்களும் தவறான இடங்களும் குவியும். தொட்டியில் வளர்த்த ரோஜா, கூண்டுக் கிளி, மிருகக்காட்சி சாலைப் புலி ஆகியவற்றைப் பதிவு செய்தால் 'வளர்க்கப்பட்டது' என்று குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் வரைபடத்தில் நடுரோட்டில் புலி நிற்கும்!

இன்னொன்று, பூங்காவும் நடைபாதையும் இருக்கும் பகுதியில் பதிவுகள் கொட்டும், யாரும் போகாத பகுதி காலியாகத் தெரியும். காலி இடம் என்றால் அங்கே உயிரே இல்லை என்று அர்த்தமில்லை. யாரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

அரிய உயிரினம் இருக்கும் இடம் வேட்டைக்காரர்களுக்குத் தெரிந்துவிடாதா என்ற கேள்வியும் நியாயமானதே. அழியும் ஆபத்தில் உள்ளவை என்று குறிக்கப்பட்ட இனங்களின் சரியான இடத்தைச் செயலியே மறைத்து, சுமார் 20 கிலோமீட்டர் அகலக் கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியாகத்தான் பொதுவில் காட்டும். ஆனால் அதே இடத்தை நாமே ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டால் ஒரு செயலியாலும் காப்பாற்ற முடியாது. படத்துக்காகக் கூட்டைக் கலைப்பது, கல்லெறிந்து பறக்க வைப்பது, பாம்பை நெருங்குவது கூடவே கூடாது.

தமிழ்நாட்டில் வாய்ப்பு உண்டா?

உண்டு. 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்கிறது. ஜனவரி நடுவில் நான்கு நாட்கள், குறைந்தது 15 நிமிடம் பார்த்த பறவைகளை 'இ-பேர்ட்' தளத்தில் பட்டியலிட வேண்டும். வீட்டு மாடி, வயல், ஏரிக்கரை, எங்கிருந்தும் செய்யலாம்.

சிட்டி நேச்சர் சேலஞ்ச் நடக்கும் ஏப்ரல் கடைசி நமக்குக் கொளுத்தும் வெயில் காலம். காலை ஆறு மணிக்கு ஒரு நடை போங்கள். இல்லையென்றால் ராத்திரி மாடி விளக்கைப் போட்டுவிட்டு அந்துப்பூச்சிகளுக்காகக் காத்திருங்கள்.

போட்டி இல்லாத நாளிலும் பதிவு செய்யலாம். வெற்றிப் பட்டியலை அடுத்த வாரமே மறந்துவிடுவோம். உங்கள் தெருப் பல்லியின் படம், தேதியும் இடமும் சரியாக இருந்தால், இருபது வருடம் கழித்தும் ஒருவருக்கு ஆதாரமாக நிற்கும்.