தபாலில் வந்த பல்கலைக்கழகம்

1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், வேலையை விடாமலே ஆசிரியர்கள் மேற்படிப்புப் படிக்க வழி திறந்தது. அச்சிட்ட பாடநூலை வீட்டில் படித்து, ஒப்படை எழுதி அனுப்பலாம்.

வடக்கே மன்னாருக்கு அதுவும் இலகுவாக இருக்கவில்லை. போரால் 1990இல் தலைமன்னார் ரயில் நின்றது. மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைத்த பாலம் தகர்ந்தது. அந்த ஒக்டோபரில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட, ஆசிரியர்களும் மாணவர்களும் புத்தளம் அகதி முகாம்களுக்குப் போனார்கள். வகுப்பறையே கலைந்தபின் மேற்படிப்பு எங்கே?

போர் ஓய்ந்தபின், 2010இல் புதிய பாலம். 2015இல் ரயிலும் திரும்பியது.

2020இல் கொரோனா பாடசாலைகளை மூடியபோது பல்கலைக்கழக விரிவுரைகள் சூமுக்கு மாறின. பகலில் வட்ஸ்அப்பில் பயிற்சித்தாள் அனுப்பிய ஆசிரியருக்கு, இரவில் அதே கைபேசியே கல்வி முதுமாணி விரிவுரை மண்டபம். பிள்ளைகளை விட்டுக் கொழும்புக்கு பஸ் ஏற முடியாத ஆசிரியைகளுக்கு இது பெரிய விடுதலை. பல்கலைக்கழகத் தளங்களுக்கு அப்போது டேட்டா கட்டணம் அறவிடப்படாததும் பேருதவி.