கல் ஏறிய கப்பல்

நெல்லித்தோப்பில் நெல்லி மரத்தைத் தேடிக்கொண்டு யாராவது வந்தால் ஏமாந்துதான் போவார்கள். மார்க்கெட் இருக்கிறது, மாதா கோயில் இருக்கிறது, ஓயாத பஸ் இரைச்சல் இருக்கிறது. தோப்பு மட்டும் பெயரோடு நின்றுவிட்டது. ஆனாலும் புதுச்சேரியில் கதை கேட்க ஆசைப்படுகிறவனுக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் உத்தியோகம் பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர். இப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் 'சொல்தா' என்போம். பாரிஸில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்வந்த மறுநாள், திண்ணையில் உட்கார்ந்தபடியே என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, பாரிஸிலே ஒரு தலையைப் பார்த்தேன்."

"யார் தலை, ஐயா?"

"அது தெரியாமல்தான் உன்னைக் கூப்பிடுகிறேன். கல் தலை. நீள மூக்கு, பெரிய தாடை, கண் மட்டும் இல்லை. கே பிரான்லி மியூசியத்திலே இருக்கிறது. ஈஸ்டர் தீவிலிருந்து வந்ததாம். கொண்டுவந்த கப்பலிலே நம் லோத்தி இருந்தாராம்!"

அவர் 'நம் லோத்தி' என்றதற்குக் காரணம் உண்டு. பியேர் லோத்தி பிரெஞ்சு நாவலாசிரியர், கடற்படை அதிகாரி. 1899 டிசம்பரில் இலங்கை வழியாக இந்தியாவுக்கு வந்து, திருவாங்கூர், மதுரை, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர் எல்லாம் சுற்றிவிட்டுப் புதுச்சேரிக்கும் வந்தார். அந்தப் பிரயாணத்தை 1903இல் புஸ்தகமாக வெளியிட்டார். 'ஆங்கிலேயர் இல்லாத இந்தியா' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். வெள்ளைக்காரத் துரைத்தனத்தை ஒரு வார்த்தைகூடத் தொடாமல் இந்தியாவை எழுதிவிடுவது என்று பிரெஞ்சுக்காரருக்கே உரிய ஒரு வீம்பு! பெரியவரிடம் அதன் பழைய பிரதி ஒன்று உண்டு. எனக்குப் பிரெஞ்சு, கடையில் விலை கேட்கிற அளவுக்குத்தான். அவர் வாசித்துத் தமிழில் சொல்ல, நான் கேட்டிருக்கிறேன்.

அதில் புதுச்சேரி அத்தியாயம் ஏக்கமாகவே இருக்கும். லோத்தி சிறு பையனாக இருந்தபோது, வீட்டுக் கிழவி ஒருத்தி புதுச்சேரியிலிருந்து வந்த பழங்காலக் கடிதம் ஒன்றை வாசித்துக் காட்டினாளாம். பனையும் கோயிலும் நிறைந்த அந்தக் கடிதம் அவர் மனத்தில் ஒட்டிக்கொண்டது. ஐம்பது வயதில் வந்து பார்த்தால், வெள்ளைச் சுவரும் தூணும் தூங்கும் தெருவுமாக ஊர் மெல்ல மங்கிக்கொண்டிருக்கிறது. சொந்த ஊரை விட்டுப் போகிறவன் போலத்தான் அவர் இங்கிருந்து கிளம்பினார்.

இவ்வளவு இளகிய மனசுக்காரர் கல் தலையை ஏற்றிய கப்பலில் இருந்தார் என்றால் எப்படி? அதைத் தேடிப் போனபோதுதான் இந்தக் கட்டுரை எனக்குக் கிடைத்தது.

ஈஸ்டர் தீவு பசிபிக் மகாசமுத்திரத்தின் நடுவில் கிடக்கும் எரிமலைத் துண்டு. பரப்பு சுமார் 164 சதுர கிலோமீட்டர். கிழக்கே தென் அமெரிக்கக் கரைக்குச் சுமார் 3,500 கிலோமீட்டர். மேற்கே மனிதர் குடியிருக்கும் பிட்கேர்ன் தீவுக்குச் சுமார் 2,000. பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி சர்க்கரை கடன் கேட்க முடியாத ஊர்! 1722 ஏப்ரல் 5ஆம் தேதி, ஈஸ்டர் பண்டிகையன்று, யாக்கப் ரோகவேன் என்ற டச்சுக்காரர் வந்து சேர்ந்ததால் அந்தப் பெயர். அங்குள்ளவர்கள் ராப்பா நூயி என்கிறார்கள்.

அந்தத் தீவில் ஏறக்குறைய ஆயிரம் கற்சிலைகள். ரானோ ராராக்கு என்ற எரிமலைச் சரிவில் பாறையிலேயே செதுக்கி, மைல்கணக்கில் நகர்த்திக் கடலோர மேடைகளில் நிறுத்தினார்கள். நூற்றுக்கணக்கானவை இன்னும் அந்தச் சரிவிலேயே அரைகுறையாக நிற்கின்றன. அவற்றில் ஒன்று முடிந்திருந்தால் 21 மீட்டர் உயரம். எப்படி நகர்த்தினார்கள் என்று கேட்டால், சிலைகள் தாமே நடந்து போயின என்பது தீவுக்காரர்களின் பதில். படித்தவர்கள் நெடுங்காலம் சிரித்தார்கள். பிறகு 2012இல் ஆராய்ச்சியாளர்கள், ஒரு மாதிரிச் சிலையைக் கயிறு கட்டி, 18 பேரை வைத்து, இப்படியும் அப்படியும் அசைத்து நடத்தியே காட்டினார்கள். வீட்டில் இரும்புப் பீரோவைத் தனியாக நகர்த்திப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தை உடனே புரியும்.

நம் அய்யனார் ஊர் எல்லையில் வெளியே பார்த்தபடி காவல் நிற்பார். அந்தத் தீவின் சிலைகளோ, பெரும்பாலும் கடலுக்கு முதுகைக் காட்டி, ஊரைப் பார்த்து நின்றன. செத்துப்போன மூத்தோர்கள் அவர்கள். பேரன் பேத்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் 'கண் இல்லை' என்றாரே, ஒரு காலத்தில் இருந்தது. 1978இல் மணலைத் தோண்டியபோது வெள்ளைப் பவழக் கல்லில் செய்த கண் ஒன்று கிடைத்தது. சிலையை மேடையில் ஏற்றிய பிறகே கண் வைத்தார்களாம். நம் ஸ்தபதிகள் கடைசியாகக் கண் திறப்பதை நினைத்துக்கொண்டேன். கண் திறந்த பிறகு அது கல் அல்ல.

இனி லோத்திக்கு வருவோம்.

1872 ஜனவரி. 'ஃப்ளோர்' என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் தாஹித்திக்குப் போகும் வழியில் அந்தத் தீவில் நங்கூரம் பாய்ச்சியது. அதில் இருபத்திரண்டு வயது நிரம்பாத பயிற்சி அதிகாரி ழூலியன் வியோ. லோத்தி என்ற பெயர் அப்போது இன்னும் வரவில்லை. அது தாஹித்தியில் கிடைத்தது. பையனுக்குச் சித்திரம் நன்றாக வரும். சிலைகளையும் தீவு மக்களையும் வரைந்துதள்ளினான். பழந்துணியைக் கொடுத்து மரப்பொம்மைகளை வாங்கினான். தீவுக்காரர்களோடு சினேகமும் பிடித்துக்கொண்டான். அந்தச் சித்திரங்கள் அதே வருஷம் பாரிஸ் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தன.

சித்திரத்தோடு விட்டிருக்கலாம். கப்பல் தலைவருக்குப் பாரிஸ் மியூசியத்துக்கு ஒரு சிலை வேண்டும். முழுச் சிலை கனம். ஆகையால் கயிறு, கடப்பாரை, ரம்பத்தோடு மாலுமிகள் கூட்டமாக இறங்கினார்கள். தலையை மட்டும் அறுத்துக் கப்பலில் ஏற்றினார்கள். தீவு மக்கள் ஆட்டமும் கூச்சலுமாகச் சுற்றி வந்ததையும் லோத்தி மறைக்கவில்லை.

இந்த இடத்தில் பெரியவர் கேட்டார்: "அவர்களே ஆடினார்கள் என்றால் நமக்கு என்ன தம்பி வருத்தம்?"

நியாயமான கேள்விதான். ஆனால் ஆடியவர்கள் யார்? அதற்குப் பத்து வருஷத்துக்கு முன்பு, 1862இன் கடைசியில், பெரு நாட்டிலிருந்து ஆள் பிடிக்கிறவர்கள் வந்தார்கள். சுமார் 1,500 பேரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். தலைவர்கள் போனார்கள், பலகையில் செதுக்கிய எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் போனார்கள். திரும்பி வந்த சிலரோடு பெரியம்மையும் வந்தது. 1877இல் தலை எண்ணியபோது தீவில் மிஞ்சியவர்கள் 111 பேர். லோத்தி பார்த்த கூட்டம், தாத்தாவையும் பாட்டியையும் பறிகொடுத்த பிள்ளைகளின் கூட்டம். இந்தச் சிலை யார், இவருக்கு என்ன உறவு என்று சொல்லித்தரப் பெரியவர்கள் இல்லாத வீடு அது. சொல்லுகிறவர்கள் போய்விட்டால் கண் திறந்த கல்லும் மறுபடி கல்லாகிவிடுகிறது. அப்போது யார் வேண்டுமானாலும் அறுக்கலாம்.

லோத்தி அந்தக் குறிப்புகளைப் புஸ்தகத்தில் சேர்த்தது 1899இல். அதே வருஷக் கடைசியில்தான் நம் பக்கம் கப்பலேறினார். புதுச்சேரிக் கடற்கரையில் அவர் உலாவியிருப்பார். அங்கே அவருக்குப் பழக்கமான காட்சி ஒன்று காத்திருந்தது. உயரமான சிற்பத் தூண்கள். நடுவே 1870இல் வைத்த டூப்ளேயின் சிலை. இன்று டூப்ளே கடற்கரையின் தென்கோடிக்குப் போய்விட்டார். தூண்களுக்கு நடுவே காந்தி நிற்கிறார். நாம் சுண்டல் வாங்கித் தின்றுகொண்டு சாய்ந்து நிற்கிறோமே, அதே தூண்கள்தான்.

அவை செஞ்சியிலிருந்து வந்தவை. 1750இல் புஸ்ஸி செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். 1761 வரை அது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அங்கே வெங்கட்டரமணர் கோயிலிலிருந்து தூண்களைப் பெயர்த்துக்கொண்டு வந்தார்கள் என்பது செஞ்சி பக்கத்தில் இன்றும் சொல்லும் வரலாறு. அதற்கு முன்பே, 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகையின்போது, புதுச்சேரி வேதபுரீசுவரன் கோயிலையே இடித்தார்கள். டூப்ளேயிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை அதைத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். எஜமானன் காரியம், தன் சாமி. நடுவில் மாட்டிக்கொண்ட மனுஷன். அவரால் தடுக்க முடியவில்லை, ஆனால் எழுதிவைத்தார். அவர் எழுதாதிருந்தால் நாமும் தெரியாமல் ஆடிக்கொண்டிருப்போம்.

இங்கே நம்மவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஈஸ்டர் தீவுச் சிலைக்கு அவர்கள் பாஷையில் 'மோவாய்' என்று பெயர். கேட்டதுமே நமக்கு உடம்பு சிலிர்க்கிறது. மோவாய் என்றால் தாடை. சிலைக்கோ இவ்வளவு பெரிய தாடை. ஆகவே சிலை தமிழன் செய்தது, கடல்கொண்ட குமரி நாட்டின் மிச்சம்! 1932இல் ஹெவெஷி என்ற ஐரோப்பியர்கூட, அந்தத் தீவின் பலகை எழுத்தும் சிந்துவெளி எழுத்தும் ஒன்றுபோல இருக்கின்றன என்று கிளப்பிவிட்டார். இரண்டுக்கும் இடையே சமுத்திரம் மட்டுமல்ல, ஆயிரக்கணக்கான வருஷங்களும் இருக்கின்றன. ரத்தப் பரிசோதனை, மொழி, பயிர் எல்லாமே அந்த மக்களைப் பாலினீசியர் என்றே காட்டுகின்றன. அந்தச் சிலைகள் அவர்களுடைய தாத்தாக்கள். பிரெஞ்சுக்காரர் தலையை எடுத்துப் போனார்கள். நாம் கப்பல் செலவுகூட இல்லாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே பாட்டனை எடுத்துக்கொள்ளப் பார்க்கிறோம்.

லோத்தியைத் திட்டி முடித்துவிட்டால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அவர் முரடர் அல்ல, ரசிகர். ரோஷ்ஃபோர் ஊரில் இருந்த தம் வீட்டைத் தேசம் தேசமாகக் கொண்டுவந்த பொருள்களால் நிரப்பினார். மாடியில் ஒரு மசூதியையே கட்டிக்கொண்டார். முரடன் உடைத்துவிட்டுப் போகிறான். ரசிகன்தான், 'இங்கே கிடந்து வீணாகிறதே' என்று இரக்கப்பட்டு எடுத்துப் போகிறான். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் மேஜையின்மேல் ஒரு கல் இருந்தது.

பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தோடு செஞ்சிக்குப் போயிருந்தேன். மண்டபத்து ஓரத்தில், புல்லுக்குள், ஒரு சிற்பத் துண்டு. உள்ளங்கை அளவு, பாதி தாமரை. யாரும் பார்க்கவில்லை. சாப்பாட்டு டப்பாவில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு எழுத்தாளனானேன்; தாமரை என் காகிதங்களின்மேல் உட்கார்ந்தது. பல கதைகள் அதன் கனத்தில்தான் காற்றில் பறக்காமல் இருந்தன. இந்தக் கட்டுரைக்கான குறிப்புகளும் அதன் கீழேதான் இருந்தன.

2018இல் ஈஸ்டர் தீவிலிருந்து சிலர் லண்டன் போனார்கள். 1868இல் ஆங்கிலக் கப்பல் ஒன்று தூக்கிவந்த தங்கள் சிலையைத் திருப்பிக் கேட்டார்கள். தங்கள் ஆன்மாவே உங்களிடம் இருக்கிறது என்று தீவின் கவர்னர் அம்மாள் கண்ணீரோடு சொன்னார். சிலை இன்னும் லண்டனில்தான் இருக்கிறது. அந்தச் செய்தியைக் குறித்துவைத்துவிட்டுக் காகிதத்தின்மேல் கல்லை எடுத்து வைத்தேன். வைத்த கை அப்படியே நின்றது.

மறுநாள் காலை செஞ்சி பஸ் ஏறினேன். அந்த மண்டபத்தைக் கண்டுபிடித்தேன், புல்லும் இருந்தது. ஆனால் எந்தத் தூணில் இந்தப் பாதித் தாமரை இருந்தது? ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தேன். எதிலும் சேரவில்லை. ஒருவேளை அந்தத் தூணே இப்போது எங்கள் கடற்கரையில் நிற்கிறதோ என்னவோ. கல்லைக் கையில் வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து காவல்காரர் அதட்டினார்:

"சார்! பார்த்தா படிச்சவர் மாதிரி இருக்கீங்க. எடுத்த கல்லைக் கீழே வையுங்க!"

வைத்துவிட்டேன். ஒன்றும் விளக்கவில்லை. முப்பது வருஷம் தாமதமானாலும் அகப்பட்டது அகப்பட்டதுதானே?

ஊருக்குத் திரும்பியதும் பெரியவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்தத் தலைக்கு ஒரு காவல்காரன் இப்படி வாய்க்கவில்லையே, தம்பி" என்றார்.