கணவாய் கற்பித்த பாடம்

முள்ளந்தண்டற்ற உயிர்களுள் விரைவிற் சிறந்தவற்றுள் கணவாயும் ஒன்று. பகையைக் கண்டதும் உடற்போர்வையைச் சுருக்கி, நீரைப் பீறிட்டுப் பின்னோக்கிப் பாயும். அதற்குத் தசைகள் யாவும் ஒருங்கே சுருங்கவேண்டும்; நரம்பின் ஆணையும் கணத்திற் சேரவேண்டும். முள்ளந்தண்டுள்ள உயிர்கள் நரம்பிழைக்குக் கொழுப்புறையிட்டு அவ்விரைவைப் பெற்றன. கணவாயோ இழையையே பருக்கச் செய்தது. அதன் பேரிழை ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் பருமனுடையது. பார்வைக்கு இரத்தக் குழாய் போன்றது. அது நரம்பே என்பதை 1936 இல் யங் என்னும் ஆங்கில விலங்கியலறிஞர் அறிஞருலகுக்கு எடுத்துக்காட்டினார்.

பருத்த அவ்விழை ஆய்வாளர்க்குப் பெருவாயிலாயிற்று. 1939 ஓகத்து மாதம், பிளிமத் கடலாய்வுகூடத்தில் ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் அதனுள்ளே நுண்ணிய மின்வாயைச் செலுத்தி, நரம்புக் கணத்தாக்கத்தின் மின்னழுத்தத்தை உள்ளிருந்தே அளந்தனர். சில வாரங்களுள் உலகப் போர் மூண்டது. இருவரும் போர்க்காலப் பணிகளுக்குச் சென்றனர், ஆய்வு இடைநின்றது.

போர் முடிந்தபின் மீண்டும் கணவாயிடமே வந்தனர். சோடியம் அயன்கள் முதலில் இழையினுள்ளே பாய்கின்றன. பொற்றாசியம் அயன்கள் பின்னர் வெளியேறுகின்றன. இம்மாற்றம் இழைவழியே பரவுவதே நரம்பின் செய்தி என 1952 இல் கணித முறையில் நிறுவினர். 1963 இல் நோபல் பரிசு அவர்களை அடைந்தது.

மனித நரம்பிலும் இந்நெறியே அடிப்படையாய் அமைந்துள்ளது. தன் நரம்பின் இயல்பை மனிதன் கற்றது கடல்வாழ் கணவாயிடத்தேயாம்.