துரோகி என்று பெயர் வாங்கிய திராட்சை: பீனோ நுவாரும் கமேயும்

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல ஒண்ணு: பீனோ நுவார், கமே ரெண்டுமே லேசான சிவப்பு வைன் தரும் திராட்சைதானே, அப்படி என்ன பெரிய வித்தியாசம்? ருசியை வைத்து மட்டும் பதில் சொன்னா ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடலாம். ஆனா இந்த ரெண்டுக்கும் நடுவுல 600 வருஷத்துக்கு மேல் பழைய ஒரு வழக்கு இருக்கு. அதைச் சொல்லாம ருசிக்குப் போக எனக்கு மனசு வரல.

1395, ஜூலை 31. பிரான்சின் கிழக்கே பர்கண்டி. அதை ஆண்டவர் டியூக் பிலிப். துணிச்சல்கார பிலிப் என்பது வரலாற்றில் அவருக்கு நிலைத்த பெயர். அன்றைக்கு அவர் ஓர் உத்தரவு போட்டார்: என் நிலத்தில் இருக்கும் கமே கொடிகளை எல்லாம் வெட்டி, வேரோடு பிடுங்கி எறியுங்கள். உத்தரவின் வாசகம் கோபமாக இருக்கும். கமே மோசமான செடி, துரோகமான செடி, அதன் வைனில் கொடிய கசப்பு, மனுஷன் உடம்புக்கே கேடு என்கிற ரீதியில் போகும். கூடவே இன்னொரு தடை: திராட்சைத் தோட்டத்துக்கு எரு போடக் கூடாது.

ஒரு செடிமேல் ஆட்சியாளருக்கு இவ்வளவு ஆத்திரம் ஏன்? பிலிப்புக்கு வைன் என்பது வெறும் சாப்பாட்டு மேசைச் சமாச்சாரம் இல்லை. 1369ல் அவர் ஃபிளாண்டர்ஸ் நாட்டு வாரிசு மார்கரெட்டைக் கல்யாணம் செய்தார். அந்தப் பக்கம் எல்லாம் துணி வியாபாரத்தில் கொழித்த பணக்கார ஊர்கள். பர்கண்டி வைனை அங்கே கொண்டுபோய்ப் பரிசாகக் கொடுக்கலாம், விற்கலாம், தன் பெயரை நிலைநாட்டலாம். அந்தப் பெயரைத் தாங்கி நின்றது பீனோ. பர்கண்டி வைன் என்று சொல்லி யாராவது நீர்த்த சரக்கை அனுப்பினால் அடி விழுவது டியூக்கின் கௌரவத்துக்கு.

விவசாயி பக்கம் வாங்க. 1348ல் வந்த கொள்ளைநோய் ஊர் ஊராகக் காலி பண்ணிவிட்டுப் போயிருந்தது. அதுக்கப்புறம் பல வருஷங்கள் தோட்ட வேலைக்கு ஆள் கிடைப்பதே கஷ்டம், கிடைத்தாலும் கூலி அதிகம். பீனோவோ பயங்கர அடம்பிடிக்கும் கொடி. வசந்தத்தில் சீக்கிரமே துளிர்விடும், அந்த நேரம் உறைபனி விழுந்தால் அந்த வருஷ மகசூல் போச்சு. தோல் மெல்லிசு, கொத்து நெருக்கம். மழை பெய்தால் அழுக ஆரம்பித்துவிடும். காய்ப்பும் குறைவு. கமேயும் சீக்கிரம் துளிர்விடும் ரகம்தான். ஆனா முதல் துளிர் பனியில் கருகினாலும் அடுத்து வரும் மொட்டிலிருந்து ஓரளவு காய்த்துக் கொடுக்கும். மகசூல் பல மடங்கு. கையில் ஆள் இல்லாத, கடன் இருக்கிற ஒரு சின்ன விவசாயி எதை நடுவார்? இதில் துரோகம் எங்கே இருக்கு என்று எனக்கு இன்னும் புரியல.

சரி, ருசி. வேலை விஷயமாக லியோன் நகரத்தில் மூணு வாரம் தங்கியிருந்தப்போ ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்திருக்கேன். பீனோவின் நிறம் வெளிர் சிவப்பு. கிளாஸுக்குப் பின்னால் விரலை வைத்தால் தெரியும். செர்ரி, ராஸ்பெர்ரி வாசனை. வயசாக ஆக மழை நனைத்த இலைச்சருகு, காளான் மாதிரி ஒரு மணம் ஏறும். துவர்ப்பு உண்டு, ஆனா பட்டு மாதிரி வழுக்கிப் போகும். கமேயில் ஊதா சாயல் தூக்கல். வாயில் வைத்ததும் சாறு, புளிப்பு, ஸ்ட்ராபெர்ரி. துவர்ப்பு ரொம்பக் கம்மி. யோசிக்க வைக்காது, அடுத்த மடக்குக்குக் கூப்பிடும். சில கமே வைன்ல வாழைப்பழ வாசனை வருதுன்னு சொல்வாங்க. அது முக்கியமா தயாரிப்பு முறையால் வருவது. கொத்தை நசுக்காம முழுசாகவே மூடிய தொட்டியில் போட்டு, கார்பன் டை ஆக்சைடு சூழ்ந்திருக்க, பழத்துக்குள்ளேயே நொதிக்க விடுவாங்க. நவம்பர் மூணாவது வியாழக்கிழமை வெளிவரும் போஜொலே நூவோ அப்படி வருவதுதான். கமே என்றாலே அந்த இளசு வைன்தான் என்று பலர் முடிவு கட்டுவது அநியாயம்.

ஏன்னா போஜொலேயின் வடக்குப் பகுதியில் மோர்கான், மூலான்-அ-வான் என்று வைன் பகுதிகள் இருக்கு. கிரானைட் மண். அங்கே விளையும் கமே பத்து வருஷம்கூடத் தாங்கும். வயசான பிறகு பீனோ மாதிரியே மணக்கும். பிரெஞ்சுக்காரர்கள் இதுக்குன்னே பீனோவை வினைச்சொல்லாக்கி, இந்த வைன் 'பீனோ ஆகுது' என்ற பொருளில் பேசுவாங்க. டியூக் பார்த்த கமே பர்கண்டியின் சுண்ணாம்பு மண்ணில், அளவுக்கு மீறிக் காய்க்க விட்ட கமே. ஒரே ஒரு சர்வரில் டெஸ்ட் பண்ணிட்டு அப்ளிகேஷனே குப்பைன்னு எழுதின ரிப்போர்ட் மாதிரிதான் அந்த உத்தரவு. போஜொலே அப்போ வேறு பிரபுக்கள் கையில் இருந்தது. உத்தரவு அங்கே எட்டல, கமே பிழைத்தது.

பர்கண்டியிலாவது ஒழிந்ததா? இல்லை. பிலிப்பின் பேரன் காலத்தில் திரும்பவும் தடை போட வேண்டி வந்தது. 19ஆம் நூற்றாண்டில்கூட பர்கண்டியின் மையமான கோட் டோர் மாவட்டத்தில் பீனோவைவிட கமேதான் அதிகம். ஃபிலாக்செரா என்ற வேர்ப்பூச்சி வந்து கொடிகளை அழித்து, திரும்ப நட்டு, 1930களில் எந்த மண்ணில் எந்த ரகம் என்று சட்டம் வந்த பிறகுதான் இன்று நாம் பார்க்கும் பர்கண்டி உருவானது.

எனக்கு ரொம்பப் பிடித்த திருப்பம் 1999ல் வந்தது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கரோல் மெரடித்தின் குழு, பிரெஞ்சு ஆய்வாளர்களோடு சேர்ந்து, வடகிழக்கு பிரான்சின் பழைய ரகங்களின் டிஎன்ஏவை ஒப்பிட்டது. பதினாறு ரகங்கள் ஒரே ஜோடிக்குப் பிறந்தவை என்று தெரிந்தது. ஒரு பெற்றோர் பீனோ. இன்னொன்று கூவே பிளாங், யாரும் மதிக்காத, ஏழைக் குடியானவர் வளர்த்த வெள்ளைத் திராட்சை. அந்தப் பதினாறில் ஒன்று கமே. இன்னொன்று, இன்றைக்கு உலகமே கொண்டாடும் ஷார்டொனே. டியூக் துரத்தியது பீனோவின் சொந்தப் பிள்ளையை.

பர்கண்டியில் இன்றும் பீனோவையும் கமேயையும் ஒண்ணா நொதிக்க வைத்துச் செய்யும் ஒரு வைன் இருக்கு, பேரு பாஸ்-தூ-க்ரான். விலையும் குறைவுதான், கிடைத்தால் லேசாகக் குளிரவைத்துக் குடித்துப் பாருங்க. அந்த வேர்ப்பூச்சி கதை தனியா ஒரு எபிசோடுக்குத் தாங்கும், அடுத்த வாரம் அதைப் பேசலாம்.