ஒரே நிரல், இரண்டு வீடு: பாயான் லெப்பாஸ் முதல் கலிலியோ பலகை வரை



தமிழாசிரியைக்கு மின்னணுப் பலகையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எல்லாம் ஒரு கட்டுரைப் பயிற்சியால் வந்தது. படிவம் நான்கு மாணவர்களுக்கு ‘என் வட்டாரத்துக்குப் பயன்படும் ஒரு கண்டுபிடிப்பு’ என்று தலைப்புக் கொடுத்தேன். சுங்கை பினாங்கில் வளர்கிற பிள்ளைகள் வேறு எதை எழுதுவார்கள்? பாதிப் பேர் வெள்ள எச்சரிக்கைக் கருவியைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள். 2017 நவம்பர் 4ஆம் தேதி பினாங்கை மூழ்கடித்த மழையின்போது அவர்களுக்கு ஏழெட்டு வயதுதான். ஆனாலும் மறக்கவில்லை.

ஒரு மாணவி கொஞ்சம் கூடுதலாகவே யோசித்திருந்தாள். ஆற்றுப் பாலத்துக்கு அடியில் ஓர் ஒலியுணரி. நீர்மட்டம் ஏறினால் வீடுகளுக்குக் கைப்பேசிச் செய்தி. நிரலை ஆர்டுயினோவில் எழுதிவிட்டு, அதையே லினக்ஸ் ஓடும் ஒரு சின்னப் பலகையில் போட்டுவிட்டால் இணையத் தொடர்பும் கிடைத்துவிடும் என்று முடித்திருந்தாள். ஓரத்தில் சிவப்பு மையில் ‘முடியுமா?’ என்று எழுதினேன். மறுநாள் வந்து நின்றாள். “ஒரே புரோகிராம்தானே டீச்சர், எந்த போர்டுல போட்டா என்ன?”

எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறே இருக்கிறது என்பதும், அதன் ஒரு முனை நம்ம ஊரில் இருக்கிறது என்பதும் தெரிந்தது.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். மலாய்ப் பாடநூல் ‘மிக்ரோபெங்காவால்’ என்கிறது. தமிழில் நுண்கட்டுப்படுத்தி, குறுங்கட்டுப்படுத்தி இரண்டுமே புழங்குகின்றன. நான் முன்னதை எடுத்துக்கொள்கிறேன். கணக்கிடும் பகுதி, நினைவகம், வெளியுலகைத் தொடும் கால்கள் மூன்றும் ஒரே சில்லுக்குள் அடங்கியிருந்தால் அது நுண்கட்டுப்படுத்தி. உங்கள் வீட்டுச் சலவை இயந்திரத்திலும் நுண்ணலை அடுப்பிலும் இருப்பது இதுதான்.

இனி நம் ஊர். 1969இல் ஜோர்ஜ் டவுன் தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. துறைமுகத்தை நம்பியிருந்த ஊரில் வேலையில்லாத் திண்டாட்டம். அதே ஆண்டு முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூ, பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை அமைத்து வெளிநாட்டு மின்னணு நிறுவனங்களைத் தேடிப் போனார். 1972இல் பாயான் லெப்பாஸில் நாட்டின் முதல் தடையற்ற வணிக வட்டாரம் உருவானது. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அமைத்த இடம் அதுதான், அதே 1972இல். முன்பு நெல் விளைந்த நிலம் அது. ஏஎம்டி, ஹியூலட் பேக்கார்ட், ஹிட்டாச்சி, போஷ் என்று தொடக்கத்தில் வந்த எட்டு நிறுவனங்களை ‘எட்டு சாமுராய்கள்’ என்று இன்றும் இங்கே சொல்வார்கள். இன்று நீங்கள் சுங்கை பினாங்கிலிருந்து பாயான் லெப்பாஸுக்குப் போகிற கடலோர நெடுஞ்சாலைக்கு லிம் சோங் இயூவின் பெயர்தான்.

அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். எங்கள் பெரியம்மாவும் ஒருவர். விடியுமுன் முச்சந்தியில் நின்று கிலாங் பஸ் ஏறுவார். நாளெல்லாம் நுண்ணோக்கியில் கண் வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியால் சில்லையும் அதன் கால்களையும் இணைக்க வேண்டும். “அது எதுக்குப் போகுதுன்னு யாரு சொன்னா? எண்ணிக்கை வரணும், அவ்வளவுதான்” என்பார். பழைய இன்டெல் சில்லுகளின் முதுகில் ‘மலேசியா’ என்று அச்சாகியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாக்கியம் ஞாபகம் வரும்.

இன்டெல் 1976இல் 8048 என்ற நுண்கட்டுப்படுத்தியை வெளியிட்டது. ஐபிஎம் முதல் தனிக்கணினியின் விசைப்பலகைக்குள் இருந்தது அதுதான். 1980இல் 8051 வந்தது. பல்கலைக்கழகங்களில் நுண்கட்டுப்படுத்திப் பாடம் என்றாலே நெடுங்காலம் 8051தான். 1990களில் இன்டெல்லின் பினாங்கு வடிவமைப்பு மையத்துக்கு வந்த பணிகளில் நுண்கட்டுப்படுத்திகளும் இருந்தன. கம்பி இணைத்த ஊர், சில்லை வரையவும் தொடங்கியது.

ஆனால் 8051ஐ வைத்து ஒரு விளக்கை மினுக்க வைப்பதற்கே தனிப் படிப்பு வேண்டும். அதை மாற்றியது இத்தாலியின் இவ்ரியா நகரில் இருந்த ஒரு வடிவமைப்புக் கல்லூரி. 2003இல் எர்னாண்டோ பார்ரகான் என்ற கொலம்பிய மாணவர் தன் முதுகலை ஆய்வாக ‘வயரிங்’ என்ற பலகையையும் மொழியையும் உருவாக்கினார். அதன் வழியில் 2005இல் ஆர்டுயினோ பிறந்தது. நிரலுக்கு இரண்டே பகுதி. ‘செட்அப்’ ஒருமுறை ஓடும். ‘லூப்’ மின்சாரம் இருக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். பார்ரகானின் பெயர் நம் பாடக்குறிப்புகளில் வருவதே இல்லை. வர வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் சில்லின் வேகம் 16 மெகாஹெர்ட்ஸ். வேலை செய்யும் நினைவகம் 2 கிலோபைட். இந்தப் பத்தியைத் தமிழில் தட்டினால் அதிலேயே ஏறக்குறைய பாதி நிரம்பிவிடும். ஆனால் அந்த ஏழைச் சில்லுக்கு ஒரு செல்வம் உண்டு. உள்ளே வேறு யாரும் இல்லை. நேரம் முழுவதும் உங்கள் நிரலுக்கே. காலை உயர்த்து என்றால் சில மைக்ரோ வினாடியில் உயர்த்தும். எத்தனை முறை சொன்னாலும் அதே அளவு நேரம்தான்.

2012க்குப் பிறகு ராஸ்பெரி பை போன்ற, லினக்ஸ் ஓடும் கையகலப் பலகைகள் மலிவாகக் கிடைத்தன. வலைத்தொடர்பு, கோப்பு, படம் எல்லாம் உண்டு. ஆர்டுயினோ பழகியவர்களுக்கு அதே நிரலை இங்கேயும் ஓட்ட ஆசை வராதா? அந்த ஆண்டே கோர்டன் எண்டர்சன் என்பவர் ‘வயரிங்பை’ என்ற நிரலகத்தை எழுதினார். ஆர்டுயினோவில் கால்களை இயக்கும் அதே கட்டளைப் பெயர்கள் பையிலும் வேலை செய்தன.

மறு ஆண்டு இன்டெல்லே இறங்கியது. 2013 அக்டோபர் 3ஆம் தேதி ரோம் நகரில், ஆர்டுயினோவுடன் சேர்ந்து ‘கலிலியோ’ பலகையை அறிவித்தது. பினாங்குக் குழந்தை இல்லை இது; அயர்லாந்துக் குழு வடிவமைத்தது. 400 மெகாஹெர்ட்ஸ் குவார்க் எக்ஸ்1000 சில்லு, 256 மெகாபைட் நினைவகம், உள்ளே லினக்ஸ். ஊனோவுக்குச் செய்த துணைப்பலகைகளை அப்படியே மேலே செருகலாம், எழுதிய நிரலை அப்படியே ஏற்றலாம் என்றார்கள். ஆயிரம் பல்கலைக்கழகங்களுக்கு 50,000 பலகை கொடுப்போம் என்றும் சொன்னார்கள்.

நம் மாணவியின் கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

நீங்கள் கலிலியோவில் நிரலை ஏற்றும்போது அது சில்லின் எஜமானாகப் போய் உட்காருவதில்லை. ‘ஸ்கெட்ச்.எல்ஃப்’ என்ற சாதாரணக் கோப்பாக மாறி, லினக்ஸ் நடத்துகிற பல வேலைகளில் ஒன்றாக ஓடுகிறது. ஊனோவில் உங்கள் நிரல் தனி வீட்டுக்காரர். கதவைத் திறந்தால் தெரு. கலிலியோவில் அடுக்குமாடிக் குடித்தனக்காரர். கீழே இறங்க வேண்டுமானால் மின்தூக்கி வரணும். அது எந்த மாடியில் நிற்கிறதோ, யார் கண்டது?

இது வெறும் உவமை இல்லை. முதல் கலிலியோவில் பெரும்பாலான கால்கள் குவார்க் சில்லோடு நேரே இணைக்கப்படவில்லை. இடையில் ஒரு விரிவாக்கச் சில்லு இருந்தது. அதோடு பேச 100 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் ஒரு மெல்லிய தொடர்வழி. ஒவ்வொரு கட்டளையும் லினக்ஸ் வழியாகப் போய், அந்த வழியில் ஏறி, பிறகுதான் காலைத் தொட்டது. விளைவு என்ன? ஒரு காலை ஏற்றி இறக்கினால் வினாடிக்குச் சுமார் 230 தடவைக்கு மேல் போகவில்லை. அதாவது ஒரு கட்டளைக்கு ஏறத்தாழ 2 மில்லி வினாடி. 400 மெகாஹெர்ட்ஸ் சில்லு, 16 மெகாஹெர்ட்ஸ் சில்லைவிடப் பல நூறு மடங்கு மெதுவாகக் கையசைத்தது! இரண்டாம், மூன்றாம் கால்களுக்கு மட்டும் நேர்வழி இருந்தது. ஆனால் அதைத் தெரிந்து, நிரலில் தனியாகக் கேட்க வேண்டும்.

இப்போது பாலத்தடி ஒலியுணரிக்கு வாருங்கள். தேர்வு எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள். நம் கண்காட்சிகளில் அடிக்கடி பார்க்கிற எச்.சி.-எஸ்.ஆர்.04 உணரி ஒலியை அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தை அளக்கிறது. ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும். போய்த் திரும்ப வேண்டும் என்பதால் ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்கு 58 மைக்ரோ வினாடி. நேரத்தை அளப்பதில் ஒரே ஒரு மில்லி வினாடி தவறினால் பிழை 17 சென்டிமீட்டர். இரண்டு மில்லி வினாடி என்றால் 34. ஆற்றில் நீர் ஒரு முழம் ஏறியதா இல்லையா என்பதே தெரியாமல் போய்விடும். வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் டி.எச்.டி.11 உணரியின் கதையும் இதுதான். அது ‘சுழி’ என்பதைச் சுமார் 27 மைக்ரோ வினாடித் துடிப்பாலும் ‘ஒன்று’ என்பதை 70 மைக்ரோ வினாடித் துடிப்பாலும் சொல்லும். வித்தியாசம் 43 மைக்ரோ வினாடி. மின்தூக்கிக்குக் காத்திருக்கும் நிரலுக்கு இது கேட்குமா?

இன்னொன்றும் உண்டு. என்னை அதிகம் உறுத்தியது இதுதான். கலிலியோவில் நினைவட்டை போடாமல் ஓட்டினால், நிரல் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். மின்சாரம் போனால் நிரலும் போச்சு. ஊனோ அப்படியில்லை, மின்சாரம் திரும்பிய சில வினாடிகளில் விட்ட வேலையைத் தொடங்கிவிடும். வெள்ளத்தன்று முதலில் போவது எது என்று சுங்கை பினாங்குக்காரர்களிடம் கேளுங்கள்.

2014இல் வந்த இரண்டாம் கலிலியோவில் பன்னிரண்டு கால்களைக் குவார்க் சில்லோடு நேரே இணைத்தார்கள். வேகம் நன்றாக ஏறியது. ஆனால் லினக்ஸ் என்ற வீட்டுக்காரர் அப்படியேதான் இருந்தார். அவர் வேறு வேலையைக் கவனிக்கப் போனால் உங்கள் நிரல் சில மில்லி வினாடி காத்திருக்கத்தான் வேண்டும். 2017 ஜூனில் கலிலியோ உற்பத்தியை நிறுத்தப்போவதாக இன்டெல் அறிவித்தது. நம் ஊரில் வெள்ளம் வந்தது அதே ஆண்டு நவம்பரில். இரண்டுக்கும் தொடர்பில்லை, ஆண்டை நினைவில் வைக்க உதவும்.

கலிலியோ வந்த அதே 2013இல் வேறு விடைகளும் வந்தன. ஆர்டுயினோ நிறுவனம் ‘யுன்’ பலகையை வெளியிட்டது. யுன் என்றால் சீன மொழியில் மேகம். உங்கள் சீன நண்பர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதில் இரண்டு சில்லுகள். ஒன்று 16 மெகாஹெர்ட்ஸ் நுண்கட்டுப்படுத்தி, மற்றது லினக்ஸ் ஓடும் 400 மெகாஹெர்ட்ஸ் சில்லு. நடுவே ‘பிரிட்ஜ்’ என்ற நிரலகம். ஆர்டுயினோ நிரலைக் குடித்தனம் அனுப்பாமல், தனி வீட்டிலேயே வைத்துப் பக்கத்து வீட்டோடு பேச விட்டார்கள். பீகிள்போன் பிளாக் இன்னொரு வழி எடுத்தது. அதன் முதன்மைச் சில்லுக்குள்ளேயே லினக்ஸ் தொடாத இரண்டு சிறு கருக்கள் உண்டு. ஒவ்வொன்றும் 200 மெகாஹெர்ட்ஸ். பெரும்பாலான கட்டளைகளுக்கு ஆவது 5 நானோ வினாடிதான்.

லினக்ஸ் தரப்பும் சும்மா இருக்கவில்லை. குறித்த நேரத்தில் பதில் சொல்ல வைக்கும் திருத்தங்களை ஏறக்குறைய இருபது ஆண்டு தனியாக வளர்த்து, 2024இல் 6.12 பதிப்பில் மூல நிரலோடு சேர்த்தார்கள். ஆட்டம் குறைந்தது. ஆனாலும் மைக்ரோ வினாடித் துடிப்பை எண்ணுகிற வேலைக்குத் தனிச் சில்லே நிம்மதி. 2025 அக்டோபரில் ஆர்டுயினோவை வாங்கப்போவதாகக் குவால்காம் அறிவித்தபோது, கூடவே வந்த ‘ஊனோ கியூ’ பலகையைப் பாருங்கள். லினக்ஸுக்கு ஒரு குவால்காம் சில்லு, ஆர்டுயினோ நிரலுக்குத் தனியாக ஒரு நுண்கட்டுப்படுத்தி. யுன் வழிதான்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. மாணவர் கட்டுரையில் ‘ஆர்டுயினோ’ என்று வந்தால், பலகையைச் சொல்கிறாரா, நிரல் எழுதும் முறையைச் சொல்கிறாரா என்று கேளுங்கள். இரண்டும் ஒன்று என்று நினைத்ததால்தான் என் மாணவியின் கணக்குத் தவறியது. பெரிய பெரிய பொறியாளர்களுக்கே தவறியதுதான், அவளைக் குறை சொல்ல முடியுமா?

இதையெல்லாம் ஒரு மதிய வேளையில் அவளுக்குச் சொன்னேன். அடுத்த வாரம் கட்டுரையைத் திருத்தி எழுதிக் கொண்டுவந்தாள். பாலத்தடியில் இப்போது இரண்டு பெட்டி. சின்னப் பெட்டியில் நுண்கட்டுப்படுத்தி, நீர்மட்டம் அளக்க மட்டும். பெரிய பெட்டியில் லினக்ஸ், செய்தி அனுப்ப மட்டும். மின்சாரம் போய் வந்தால் பெரிய பெட்டி விழித்தெழ அரை நிமிடமாவது ஆகும், அதற்குள் சின்னப் பெட்டி அளக்கத் தொடங்கி, வரிசையாகக் குறித்து வைத்திருக்கும் என்று அவளாகவே ஒரு வரி சேர்த்திருந்தாள். அதை நான் சொல்லித் தரவில்லை. வல்லினம் மிகும் இடத்தில் இரண்டு பிழை இருந்தது. அதற்கு மட்டும் மதிப்பெண் குறைத்தேன்.